டிரம்முக்கு ஒரு தட்டு, மஞ்சளுக்கு இரண்டு

தண்ணி லாரி வந்தால்தான் பொழுது விடிந்ததாக ஒத்துக்கொள்ளும் சந்து ஒன்று, ஒரு காலத்தில், வடசென்னைப் பக்கம் இருந்தது. சந்தின் இடது ஓரத்தில் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. வலது ஓரத்தில் எவர்சில்வர் குடங்களின் வரிசை. நடுவில், எந்தப் பக்கம் சாய்வது என்று கடைசி நிமிஷம்வரை யோசித்துக்கொண்டே நிற்கும் ஐந்து வாளிகள்.

லாரி நாலு சந்துக்கு ஊற்றிவிட்டு, அடியில் மிஞ்சியதோடுதான் இங்கே வரும். முதலில் பிடிக்கிற வரிசைக்குத் தண்ணீர். பின்னால் பிடிக்கிற வரிசைக்குத் துருவும் மண்ணும். எந்த வரிசை முதலில் என்று சொல்லும் அதிகாரம் சந்துத் தலைவர் கையில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். ஜெயித்தவர் தன் வரிசைக்கு முன்னால் போய் நிற்பார். லாரியின் ஹோஸ் முதலில் அவர் வாயில்தான் விழும்.

போன வருஷம் எவர்சில்வர் பக்கத்து அண்டா ஜெயித்துவிட்டது. அந்த ஒரு வருஷம் பிளாஸ்டிக் குடங்கள் பட்ட பாடு இருக்கிறதே, சொல்லி மாளாது. சகதியைச் சுமந்து சுமந்து அவற்றின் அடிவயிறெல்லாம் காவி ஏறிப் போயிற்று.

அதில் அதிகம் நொந்துபோனது ஆரஞ்சுக்குடம்தான். ஒன்பதாம் நம்பர் வீட்டு எஸ்தருடைய குடம் அவள். எஸ்தருக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கலங்கல் தண்ணீரில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் குழந்தையின் உடம்பெல்லாம் தடிப்பு. ராத்திரி பகல் தெரியாமல் வீறிட்டுக் கத்தியது. "நல்ல தண்ணியில ஊத்தும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று நர்சம்மா சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? இந்த வருஷமாவது நம் வரிசை ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர ஆரஞ்சுக்குடத்துக்கு வேறு நினைப்பே கிடையாது.

பிளாஸ்டிக் வரிசையில் பதினாலு குடங்கள், ஒரு டிரம். எதிர்வரிசையிலும் அதே எண்ணிக்கைதான், அதனால் வாளிகள் சாய்கிற பக்கம்தான் ஜெயிக்கும். அண்டாவை எதிர்த்து யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்ததும் இரண்டு பெயர்கள் அடிபட்டன.

ஒருத்தி மஞ்சக்குடம். அதிகம் பேசமாட்டாள். ஆனால் எத்தனையோ நாள், தன் வாய்வரை நிறைந்ததும் பின்னால் வெறுமனே நின்ற குடத்தின் பக்கம் சாய்ந்து பாதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளிடம் தண்ணீர் வாங்காத குடம் அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை.

இன்னொருவர் முனை டிபன் கடையின் நீல டிரம். ஆள் உயரம், அகன்ற வாய், அதைவிட அகன்ற பேச்சு. "அண்டா இன்னா பெரிய அண்டா? நான் ஒரு உருட்டு உருட்டினேன்னா மெயின்ரோட்டுல போய் விழும்!" என்று அவர் சொன்னால் சந்தே அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்வரிசைக் குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தார்கள்.

"உனக்கு யாரு புடிக்கும்க்கா?" என்று கேட்டாள் பின்வீட்டு ஊதாக்குடம். அவளுக்கு எதிலும் அவசரம்.

"மஞ்சளுதான். அவளுக்கு மிஞ்சின ஆளு யாரு இருக்காங்க?" என்றாள் ஆரஞ்சு. "ஆனா வாளிங்க அவளுக்குப் போடுமா? மத்த குடமெல்லாம் டிரம்மு டிரம்முங்குதே."

"ஆமாமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் ஊதா.

எல்லாரும் என்றால் யார்? அதை மட்டும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

வேட்பாளரை முடிவு செய்கிற நாள் வந்தது. அந்த வரிசையின் வழக்கம் இது: வரிசையில் முதலில் நிற்பவர் முதலில் அடியால் தரையைத் தட்டுவார். டிரம்முக்கு ஒரு தட்டு, மஞ்சளுக்கு இரண்டு. பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று கடைசிவரை போகும். முகத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் நிற்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குக் குழந்தை விடியும் முன்னே எழுந்து அழுததால் எஸ்தரும் எழுந்துவிட்டாள். எழுந்த கையோடு ஆரஞ்சுக்குடத்தைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். முதல் இடம்! மஞ்சக்குடம் கடைசியில் நின்றாள்.

ஆரஞ்சு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டாள். யார் என்ன சொன்னால் என்ன, தன் தட்டு இரண்டுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் தட்டைத் தட்டினாள்.

டொக்.

அவளுக்கு அடி கொஞ்சம் கோணல். ஒரு தடவை தட்டினால் அசைந்து அசைந்து நின்ற பிறகுதான் மறுபடி தட்ட வரும். அந்த அசைவு அடங்குவதற்குள், பின்னால் நின்ற ஊதா அவசரமாக, டொக். அதற்குப் பின்னால் சிவப்பு, டொக். வரிசையில் நிற்கிற ஜென்மங்களுக்கு முன்னால் இருப்பவர் நகர்ந்தால் தானும் நகர்ந்துதானே பழக்கம்? டொக், டொக், டொக் என்று அது ஓடியது, ஓடியது, கடைசியில் நின்ற மஞ்சக்குடம்வரை ஓடியது. மஞ்சளும் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆரஞ்சுக்குடம் திகைத்துப் போனாள். அடப்பாவிகளா, நான் இன்னும் முடிக்கவே இல்லையே! இப்போது தட்டினால் என்ன ஆகும்? பதிமூன்று பேர் ஒரு பக்கம் நிற்க, நான் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமா? மஞ்சளே ஒன்று தட்டிவிட்டாளே, எனக்கு மட்டும் என்ன வீம்பு? எல்லாருக்கும் டிரம்தான் வேண்டும்போல என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அசையாமல் நின்றுவிட்டாள்.

"ஏகமனதா!" என்று முழங்கினார் டிரம். "ஒரு தட்டுகூட மாறலை பாத்தீங்களா!"

பிரச்சாரம் தொடங்கியது. ஆரஞ்சும் வாளிகளிடம் போய் டிரம்முக்காகப் பேசினாள். அண்டா மறுபடி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லும்போது அவள் குரல் நன்றாக ஏறியது. டிரம் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாளி கேட்டபோது இறங்கிவிட்டது. "நல்லதுதான் நடக்கும்" என்று பொதுப்படையாகச் சொல்லிவைத்தாள்.

ஒருநாள் காய்ந்துபோன குழாயடியில் ஊதாக்குடம் மெதுவாகப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? எனக்கு மஞ்சளுக்குத்தான் தட்டணும்னு இருந்துச்சு. நீ ஒண்ணு தட்டினியா, அக்காவே டிரம்முன்னா நமக்கென்ன தெரியும்னு நானும் தட்டிட்டேன்."

ஆரஞ்சுக்குத் திக்கென்றது. சிவப்புக்குடத்திடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவனும் அதையேதான் சொன்னான். இரட்டையர்களான ரோஸ் குடங்களும் அதையேதான் சொன்னார்கள். மீதிப் பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தாள். பதினாலு குடங்களில் ஒன்றுக்குக்கூட டிரம் முதல் விருப்பம் இல்லை!

வரிசையிலேயே பெரியவரான பச்சைக்குடத்திடம் ஓடினாள்.

"மாமா, இன்னொரு தடவை தட்டிப் பாக்கலாமா?"

"இன்னாம்மா பேசுற நீ? எதிர்வரிசை கண்கொத்திப் பாம்பாட்டம் பாத்துக்கினு இருக்குது. இப்போ போய் நாம கலைஞ்சோம்னா வாளி அஞ்சும் அந்தாண்ட சாஞ்சிடும். அப்புறம் இன்னொரு வருஷம் சகதிதான், தாங்குவியா?" பச்சைக்குடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மட்டும் டிரம்மு இனிக்குதா? நம்ம ஆளாச்சே, இன்னா பண்றது?"

தன் தட்டு பாதித் தட்டு என்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எல்லாரும் தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து விழுங்கிவிட்டாள். அந்த விழுங்கலுக்காக அவள் பின்னால் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

தேர்தல் நடந்தது. பிளாஸ்டிக் வரிசை முழுவதும் டிரம்முக்கு, எவர்சில்வர் வரிசை முழுவதும் அண்டாவுக்கு. வாளிகளில் மூன்று இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். டிரம் ஜெயித்துவிட்டார்!

ஆரஞ்சுக்குடமும் துள்ளினாள். பொய்த் துள்ளல் இல்லை. அண்டா தோற்றதை நினைத்தபோது மெய்யாகவே மனசு குளிர்ந்தது. நாளைக்குக் குழந்தைக்கு நல்ல தண்ணீர்.

மறுநாள் குழந்தை ஓயாமல் சிணுங்கியதால் எஸ்தர் வரத் தாமதமாகிவிட்டது. ஆரஞ்சுக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது. பரவாயில்லை, நம் வரிசைதானே முதலில் என்று தைரியமாக நின்றாள். லாரி வந்தது. டிரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசைக்கு முன்னால் போய் நின்று, "எங்க வரிசைக்குத்தான் முதல்ல!" என்று ஒரு முழக்கம் முழங்கினார். வாக்கு மாறவில்லை மனுஷன். ஹோஸ்காரர் ஹோஸைத் தூக்கி அவர் வாயில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, போதும்னு சொல்லுங்கண்ணே" என்றாள் ஊதா.

"இரும்மா. தலைவர்னா அரைகுறையா நிக்கலாமா? எதிர்வரிசை சிரிக்காது? நான் நிறைஞ்சதும் எல்லாம் உங்களுக்குத்தானே!"

அவர் ஏமாற்றவில்லை. அப்படித்தான் அவர் நம்பினார். அவ்வளவு பெரிய வாயும் அவ்வளவு பெரிய வயிறும் உள்ளவருக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? அவர் நிறைந்ததும் டிபன் கடைக்காரர் வந்து மூடியைப் போட்டு அழுத்திவிட்டுப் போனார். லாரியில் மிஞ்சியது முதல் நாலு குடத்துக்கு முக்கால், நடுவில் நின்றவர்களுக்குப் பாதி என்று குறைந்துகொண்டே வந்தது. ஆரஞ்சுக்குடத்தின் முறை வந்தபோது ஹோஸ் இருமியது. கால்குடம்கூட இல்லை. எதிர்வரிசைக்கு வழக்கம்போலச் சகதி விழுந்தது. வழக்கத்துக்கு இந்த வருஷம் ஆள்தான் மாறியிருந்தது. அதைப் பார்த்து ஆரஞ்சுக்கு ஒரு விநாடி சந்தோஷம் வந்தது. உடனே சீ என்று ஆகிவிட்டது.

நடுவில் நின்று பாதி நிறைந்திருந்த மஞ்சக்குடம் பக்கத்தில் வந்து அவள் பக்கம் சாய்ந்தாள். தன்னிடம் இருந்ததில் பாதியை ஆரஞ்சின் வாயில் ஊற்றினாள்.

"வேணாம்க்கா, உனக்கே இல்லை."

"கொழந்தை இருக்குற வீடு. புடி."

ஊற்றி முடித்தும் மஞ்சள் உடனே நிமிரவில்லை.

"அன்னைக்கு நான் கடைசியில நின்னேனா? முன்னாலேர்ந்து வர்ற தட்டை ஒண்ணொண்ணா எண்ணிக்கினே இருந்தேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர் ரெண்டு தட்டியிருந்தா போதும். எனக்கும் தைரியம் வந்திருக்கும். நானும் ரெண்டு தட்டி, மத்தவங்க வேணாம்னாலும் தேர்தல்ல நின்னிருப்பேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஒருத்தருக்குக்கூட நான் வேண்டாம்னு ஆயிடுச்சே."

ஆரஞ்சுக்குடம் அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா..." என்று வாயெடுத்தாள்.

அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குள்ள எவர்சில்வர் குடம் எட்டிப் பார்த்தது. அதன் கழுத்துவரை சகதி.

"எங்க கதையை வுடு, நாங்க தோத்தவங்க. நீங்க ஜெயிச்சவங்களாச்சே? உன் வயித்துல இன்னா இருக்குது, காட்டு பாப்போம்! உங்க ஆளு உங்களுக்கு இன்னாதான் செஞ்சாரு?"

பிளாஸ்டிக் வரிசை முழுவதும் ஆரஞ்சைத் திரும்பிப் பார்த்தது. மஞ்சளும் பார்த்தாள்.

"ஏன், எங்க அண்ணனுக்கு இன்னா கொறச்சல்?" என்று சட்டென்று எகிறினாள் ஆரஞ்சுக்குடம். "எப்படி நிக்கிறாரு பாரு, சிங்கம் மாதிரி! உங்க அண்டாவால முடியுமா?"

வரிசை அடியால் தரையைத் தட்டி ஆரவாரித்தது. மஞ்சக்குடம் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எஸ்தர் வந்து ஆரஞ்சுக்குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வீடு போய்ச் சேரும்வரை அவளுக்கு இடுப்புச் சேலை நனைந்துகொண்டே வந்தது. வாசலில் இறக்கிவைத்து, அடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஓட்டை இல்லை.

"இருக்கிறதே இவ்வளவு. இதுவும் எங்கேயோ ஒழுகுதே" என்றாள் எஸ்தர்.