கடுவன் சொன்ன காரணம்

ஆனைமடுவில் தண்ணீர் இருந்தது. ஆனால் மான்குட்டிகள் குடிக்க மறுத்தன.

அது கொடுங்கோடை. காட்டிலிருந்த மற்றக் குட்டைகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. புள்ளிமான் கூட்டத்துக்கு அந்த மடுவை விட்டால் பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லை. பெரிய மான்கள் கழுத்தை நீட்டிக் குடித்துவிட்டு வந்தன. குட்டிகளோ கரையைக் கண்டதும் கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றுவிட்டன. தள்ளினால் நடுங்கின. விட்டால் ஓடின. பச்சைத் தண்டுகளை மென்று நாக்கை நனைத்துக்கொண்டன. விலா எலும்புகள் துருத்திக்கொண்டு வந்தன.

மருளி என்ற பெண்மானுக்குத் துள்ளி ஒரே குட்டி. அதன் மூக்கு காய்ந்து பிளந்திருந்தது.

"ஏன் கண்ணே குடிக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டது மருளி.

"அம்மா, தண்ணீர் என்னைப் பார்க்கிறது!"

மருளி மடுவைப் பார்த்தது. வானம் தெரிந்தது. கிளைகள் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

கூட்டத்தின் தலைவன் கவைக்கொம்பன் என்ற ஆண்மான். மடுக்கரை மரத்தில் ஒரு கருமுகக் கடுவன் குரங்கு இருந்தது. மானின் மனம், முயலின் மனம், எறும்பின் மனம் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்ளும். பசித்த நாட்களில் மான்களுக்குத் தழை உதிர்த்துப் போடும். அதனால் அதன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

கவைக்கொம்பன் அதனிடம், "குட்டிகளின் மனதில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டது.

மருளி குறுக்கிட்டது. "கோளாறு என்று ஏன் இப்போதே முடிவு கட்டுகிறீர்கள்? ஏன் குடிக்கவில்லை என்றல்லவா கேட்க வேண்டும்?"

"இரண்டும் ஒன்றுதான்!" என்று கவைக்கொம்பன் வாயை அடைத்தது.

கடுவன் கீழே இறங்கித் துள்ளியை விசாரித்தது. துள்ளி தாயிடம் சொன்னதையே சொன்னது. கடுவன் தொடையைத் தட்டிக்கொண்டது.

"ஆகா! தண்ணீரில் தெரியும் தங்கள் நிழலைக் கண்டுதான் இவை மிரள்கின்றன. பக்கத்தில் மேயும் காட்டெருமைகளை விட்டு மடுவைக் கலக்குங்கள். சேற்று நீரில் நிழல் விழாது. குட்டிகள் ஓடி வந்து குடிக்கும்!"

"குடிக்காவிட்டால் உங்கள் ஊகம் தப்பு என்று ஒப்புக்கொள்வீர்களா?" என்று கேட்டது மருளி.

"முதலில் கலக்கட்டும்!" என்று சொல்லிவிட்டுக் கடுவன் மரமேறிவிட்டது.

எருமைகள் இறங்கிக் கலக்கின. மடு முழுவதும் குழம்பாகிவிட்டது. நிழல் என்று ஒரு துளியும் இல்லை. எருமைகள் போனபின் தாய்மான்கள் குட்டிகளைக் கூட்டி வந்தன. முன்பு கரைவரையாவது வந்த குட்டிகள் இப்போது பாதி வழியிலேயே திரும்பி ஓடின.

மான்கள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தன. கடுவன் தலையைச் சொறிந்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"நிழல் தண்ணீரை விட்டுப் போய்விட்டது. மனதை விட்டுப் போகவில்லை! குடித்திருந்தால் நிழல் போனதால் குடித்தன என்று பொருள். குடிக்கவில்லை என்றால் நிழல் நெஞ்சில் பதிந்துவிட்டது என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் நிழல்தான்!"

மான்கள் வியந்து தலையாட்டின.

மருளிக்குப் பொறுக்கவில்லை. "எது நடந்தாலும் நீங்கள் சொன்னது சரி என்றால், எது நடந்தால் தப்பு? அதைச் சொல்லுங்கள்!"

கவைக்கொம்பன் காலால் மண்ணைப் பறித்தது. "தாய்க்கே இத்தனை சந்தேகம்! இவள் பயம்தான் குட்டிகளுக்குத் தொற்றியிருக்கிறது!"

மற்றத் தாய்மான்கள் மருளியை விட்டு நகர்ந்து நின்றன.

மருளிக்கு அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய பயம். கடுவன் சொன்னது தப்பென்றால் மடுவில் மெய்யாகவே ஏதோ இருக்க வேண்டும். அப்படி ஏதும் இருந்தால் குட்டிக்கு எங்கே தண்ணீர் தேடுவது? நிழல்தான் என்று நம்பிவிட்டால் எவ்வளவு நிம்மதி! மருளி நம்பிவிட்டது.

"நெற்றியால் முட்டித் தள்ளுங்கள். ஒரு வாய் குடித்தால் பயம் தெளிந்துவிடும்" என்றது கடுவன்.

மறுநாள் காலை தாய்மான்கள் குட்டிகளோடு வந்தன. பயந்தவள் என்ற பேரைத் துடைக்க வேண்டும் என்று மருளி முன்னால் போனது.

"அம்மா, வேண்டாம்!" என்று துள்ளி காலை ஊன்றியது.

"நிழல் கண்ணே. வெறும் நிழல்." மருளி முட்டித் தள்ளியது.

தாகம் துள்ளியின் பிடிவாதத்தை வென்றது. அது தலையைத் தாழ்த்தி ஒரு வாய் குடித்தது.

"பார்த்தீர்களா!" என்று கடுவன் மேலிருந்து கூவியது.

அப்போது மடு பிளந்தது. ஒரு முதலையின் வாய் துள்ளியைக் கழுத்தோடு கவ்வி உள்ளே இழுத்தது. மருளி தண்ணீருக்குள் பாய்ந்தது. சேறு மட்டும்தான் முகத்தில் அடித்தது.

அது கிழட்டு முதலை. பெரிய மானைச் சாய்க்க அதற்கு வலுவில்லை. கண்களை மட்டும் நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு, குட்டிகளுக்காகக் காத்துக் கிடந்தது. உயரத்திலிருந்து பார்த்த மான்களுக்கு அந்தக் கண்கள் தெரியவில்லை. முகத்தைத் தரையோடு வைத்து நடந்த குட்டிகளுக்குத் தெரிந்தன.

கூட்டம் சிதறி ஓடி, தொலைவில் நின்று இரைத்தது. கடுவன் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கோளாறு தண்ணீருக்குள் இருக்கிறது என்று நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா? நிழலும் தண்ணீரில்தான், முதலையும் தண்ணீரில்தான்!"

ஒன்றிரண்டு மான்கள் அதற்கும் தலையாட்டின.

மருளி உடம்பெல்லாம் சேறு வழிய நின்றது. "நீ சொன்னாய். நான் தள்ளினேன்" என்றது. அவ்வளவுதான்.

அன்றே கூட்டம் தொலைவிலிருந்த ஆற்றைத் தேடிப் புறப்பட்டது. வெயில் தாங்காமல் வழியில் சில விழுந்தன. ஆற்றங்கரையை அடைந்ததும் குட்டிகள் யாரும் தள்ளாமலே ஓடிப்போய்க் குடித்தன. மருளி அவற்றைப் பார்த்தபடி நெடுநேரம் கரையில் நின்றது. அதன் பக்கத்தில் எந்தக் குட்டியும் இல்லை.

எது நடந்தால் தன் ஊகம் பொய் என்று முன்கூட்டியே சொல்லத் துணியாதவன் ஒருநாளும் தோற்பதில்லை. அவனை நம்பியவர்களே தோற்கிறார்கள்.