மூட்டம் நீக்கிய படம்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. கோத்தகிரியில் காட்டு விலங்குகளைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் பௌசியாதான் குரு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற குழந்தைவேலு சீடர். ஆயுசு முழுக்க ஊருக்கு விளக்கு எரியவைத்த மனிதர். மங்கலாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வாரம் முழுக்க மப்பும் மந்தாரமும்தான். தேயிலைத் தோட்டத்தில் ஒரு காட்டெருமைக் கன்று கால் ஒடிந்து கிடந்தது. தாய் பக்கத்திலேயே நின்றது. குழந்தைவேலு தூரத்திலிருந்து இரண்டையும் படம் எடுத்தார். மறுநாள் கன்று செத்துப்போனது.

அன்று மாலை லேப்டாப்போடு வந்தார்.

"மந்தாரத்துல எடுக்கற படத்தை எப்படிங்க மேடம் நல்லா ஆக்கறது?"

"எடுக்கும்போதே பாத்துக்கணும் சார். வெள்ளை வானத்தைச் சேக்காதீங்க. கண்ணைப் பாருங்க. மந்தாரத்துல நிழல் விழாது, கண்ணு நல்லாத் தெரியும்."

"அதெல்லாம் பண்ணுனனுங்க. அப்பவும் படம் அழுது வடியுது. அதான் வீட்டுல உக்காந்து சரி பண்ணிட்டு வந்தேன்."

திரையைத் திருப்பிக் காட்டினார். தேயிலை பளிச்சென்று இருந்தது. தாயின் முதுகு இளவெயில் பட்டதுபோல் மின்னியது. மூட்டம் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், யாரும் சுவரில் மாட்ட ஆசைப்படும் படம்தான்.

மாணவர்கள் எடுக்கும் படங்களை அன்றன்றே தன் கணினியில் பிரதி எடுத்துவைப்பது பௌசியாவின் வழக்கம். அசலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். கன்றின் மூக்கருகே விரலைக் காட்டினாள்.

"இது என்னங்க சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சின்னதாக, வெள்ளையாக ஒரு புகை.

"பனிங்களா?"

"மூச்சு சார். குளிர்ல தெரிஞ்சிருக்கு. நீங்க எடுக்கறப்போ அதுக்கு இருந்த உசுரு இது."

அவர் தன் படத்தைப் பார்த்தார். கன்றின் மூக்கு வெகு தெளிவாக இருந்தது. புகை இல்லை.

"மூட்டத்தை எடுத்தனுங்க. அதோட இதுவும் போயிருச்சாட்ட இருக்குது."

"பரவால்லீங்க சார். அசல் இருக்குதில்ல."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். குழந்தைவேலுவின் முகம் சுண்டிப்போனது. செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னலோரம் ஒரு இளம்பெண். கன்னம் பளபளத்தது. நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"என் மக சிவகாமிங்க. ஆஸ்பத்திரில எடுத்தது. அன்னிக்கும் இப்படித்தான் மப்பா இருந்துச்சு. அதுக்கடுத்த வாரம் போயிட்டா."

பௌசியா படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ கருப்பா இருந்துச்சுங்க, எடுத்துட்டேன். மூஞ்சிக்கு வெளிச்சம் குடுத்தேன். மாலை போடற படம் பாருங்க, பாவமாத் தெரியக்கூடாதுன்னு."

"அசல் எங்கீங்க சார்?"

"அது மேலயே சேவ் பண்ணிப்போட்டனுங்க."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"அன்னிக்கு என்னைய என்னமோ ஒரு மாதிரி பாத்தா மேடம். பயந்து பாத்தாளா, என்னையத் தேத்தப் பாத்தாளான்னு வெளங்கல. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். இந்தப் பளபளப்பு மூஞ்சிதான் வருது. மங்குனதைப் பளிச்சுன்னு ஆக்கிட்டேன். பளிச்சுன்னு ஆக்குனதைத் திரும்ப மங்க வைக்கறதுக்கு வழி இருக்குதுங்களா?"

பௌசியா படத்தைத் தன் கணினியில் ஏற்றி, அவர் பார்க்கும்படி வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஜன்னல் மங்கியது. கன்னத்துப் பளபளப்பு மங்கியது. அவர் திரைக்கு வெகு அருகில் குனிந்து, மகளின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இருட்டுத்தான் சார் வருது," என்றாள். "உங்க மக வரலீங்க."