நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கல்லும்

"ஹேண்ட் பிரேக்கை இழுத்தா சத்தம் வருதுல்ல? அது போதும்யா. பிடிக்கணும்னு எவன் கேட்டான்?" என்றார் கவுன்சிலர் தங்கவேலு.

வேறேதோ வண்டியின் டிஸ்க்கைப் பின்சக்கரத்தில் மாட்டி, அகல டயர் போட்டு, தன் பழைய காரையே மாற்றி வைத்திருந்தார். அதற்குப் பழைய ஹேண்ட் பிரேக் கேபிள் எட்டவில்லை. புதுக் கேபிள் போட இரண்டு நாளாகும் என்று மெக்கானிக் சடையன் சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. காரை வாங்க பூங்கோதை டீச்சர் வந்துகொண்டிருந்தார். தினமும் மலைப்பள்ளிக்கு ஏறி இறங்க வேண்டியவர்.

"பிரேக்கைப் பத்திப் பேசினே, நாளைக்கு உன் ஷெட்டு இங்க இருக்காது."

கார் ஷெட்டு வாசல் சரிவில், நியூட்ரலில், டயருக்கு முன்னால் கல் வைத்து நின்றது. டீச்சர் வந்து, "பிரேக்கெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார்.

"கம்பெனி வண்டிகூட இப்படிப் பிடிக்காதும்மா. இப்பகூட ஹேண்ட் பிரேக்லதான் நிக்குது" என்றார் கவுன்சிலர்.

"அப்ப நல்ல நேரத்துலயே பூஜை போட்டுடலாங்கய்யா" என்றான் சடையன். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். "சாமி காரியத்துல கல்லு எதுக்கு?" என்று கல்லை உருவிக் கையில் எடுத்துக்கொண்டான்.

டீச்சர் முன்னால் கவுன்சிலர் என்னவென்று தடுப்பார்?

சூடம் பற்றவைக்கும் முன்பே நாலு பழமும் நசுங்கின. கார் எதிரிலிருந்த மணல் குவியலைப் பார்த்து மெல்ல நடந்தது.

"டேய், கல்லைப் போடுடா!" என்று கவுன்சிலர் கத்தினார்.

சடையன் போடவில்லை.