நம்பிராஜனுக்கு ஏற்ற கூட்டம்

பாளையங்கோட்டையில் சர்பத் கடை வைத்திருந்த வில்சன் ஒரு காலத்தில் பெருங்குடிகாரன். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் ஊரில் எங்கெங்கே நடக்கின்றன என்பது அவனுக்கு அத்துபடி. புதிதாக விட நினைப்பவருக்கு, முன்பே விட்ட ஒருவர் வழிகாட்டியாக இருப்பது அங்கே வழக்கம். நம்பிராஜனுக்கு வாய்த்த வழிகாட்டி வில்சன்.

நம்பிராஜன் பொதுப்பணித்துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். ஆகவே குரு சீடரை அண்ணாச்சி என்றான். சீடர் குருவைத் தம்பி என்றார்.

குடியால் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபின் அவர் குடிக்கவில்லை. ஆனால் வீட்டில் ஆளில்லை. மனைவி கோமதி சங்கரன்கோவிலில் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏதாவது ஒரு கூட்டத்தில் நிலையாக உட்காருங்கள், பிறகு வருகிறேன் என்பது அவள் வைத்த நிபந்தனை. அந்தி சாய்ந்தால் அந்த வெறும் வீடு அவரை மதுக்கடைப் பக்கம் தள்ளும். இந்தக் கோடையைத் தனியாகத் தாண்ட முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

உட்காரத்தான் அவர் ஊரெல்லாம் அலைந்தார். மார்க்கெட் பக்கத்துக் கூட்டத்தில் அழுகை ஜாஸ்தி என்றார். ஜங்ஷன் கூட்டத்தில் சிரிப்பு ஜாஸ்தி. சாக்கடையில் விழுந்ததைக்கூடப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்கிறார்கள் என்றார். இன்னொன்றில் மின்விசிறி சுற்றவில்லை. வில்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே எலுமிச்சை பிழிவான்.

"எனக்கு ஏற்ற கூட்டம் எதுதான் தம்பி?"

"மாதாகோவில் பள்ளிக்கூடத்துல ஞாயிற்றுக்கிழமை ஒண்ணு நடக்கு. அதையும் பார்த்துட்டு வாங்க."

அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை நம்பிராஜன் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேன் தம்பி. கூட்டம்னா அது கூட்டம்."

வில்சன் நன்னாரியை ஊற்றாமல் காது கொடுத்தான். நம்பிராஜன் சொல்லிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்தில் நுழைந்ததும் ஒரு வகுப்பறையில் நாலைந்து வரிசை ஆட்கள். புதிதாக வந்தவர் தம்மைப் பற்றிச் சொல்லலாம் என்றார்கள். முறைப்படி எழுந்து நின்றார். என் பெயர் நம்பிராஜன், நான் ஒரு குடிநோயாளி என்றார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அது கிடக்கட்டும் சார். எந்த டிபார்ட்மெண்ட்?"

சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அகவிலைப்படியைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். உளுந்த வடை வந்தது. ஒருவர்கூடக் குடியைப் பற்றி மூச்சுவிடவில்லை. நம்பிராஜனுக்கு நெஞ்சு உருகிவிட்டது. அந்தச் சொல்லே மறந்துபோகிற அளவுக்கு அல்லவா இவர்கள் குணமாகியிருக்கிறார்கள்!

கை கழுவப் போகும்போதுதான் சுவரிலிருந்த பேனரைப் பார்த்தார். ஓய்வூதியர் சங்கம். அவர் போயிருக்க வேண்டியது அடுத்த அறை.

வில்சன் சிரித்த சிரிப்பில் பெஞ்சில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. நம்பிராஜனும் சிரித்தார். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"இன்னொண்ணு இருக்கு தம்பி."

சங்கத்திலிருந்து கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே ஒருவர் வந்தார். ஈஸ்வரமூர்த்தி என்று பெயர். தாலுகா ஆபீசில் இருந்தவர். வடைக்குச் சட்னி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே. அதைச் சொல்ல ஒரு இடம் இருக்கா?"

அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தை நம்பிராஜன் அறிவார். காலையில் காப்பித் தம்ளரைப் பிடிக்க முடியாமல் செய்கிற நடுக்கம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றான் வில்சன்.

"இருக்குன்னேன். சொல்லியனுப்புறேன்னேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மார்க்கெட் கூட்டத்துல அழுவாங்க, மனுசன் பயந்துருவார். ஜங்ஷன்ல சிரிப்பாங்க, கூச்சப்படுவார். அந்தப் பக்கத்து அறைக்கே போனா சங்கத்துக்காரங்க பார்த்துருவாங்க. அவரை விட்டுறக்கூடாது தம்பி. அவருக்கு ஏற்ற கூட்டம் எது?"

வில்சன் கைகளைத் துண்டில் துடைத்தான்.

"எங்க போனாலும், உள்ளே நுழைஞ்சதும் அவர் உங்க முகத்தைத்தான் தேடுவார் அண்ணாச்சி. அந்த முகம் வாராவாரம் எந்தக் கூட்டத்துல இருக்கும்னு அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."