பலகைச் சட்டம்

பெரியாஸ்பத்திரி வாசலில் இருளப்பனின் கைத்தடி ஓயாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் தெரியாது. உள்ளே அவர் மனைவி வேலுத்தாயை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்தாயிற்று. "அவர் கையைப் பிடிக்காம ஏறமாட்டேன்" என்று அவள் அடம்பிடிப்பதாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள். வாசலை மறித்து நின்ற ஆஸ்பத்திரி ஊழியரோ அசைவதாயில்லை.

"பலகையில என்ன போட்டிருக்கு? 'பார்வையாளர்களுக்கு இப்போது அனுமதி இல்லை.' அப்படியே நில்லுய்யா."

"நோயாளி கேட்டா துணைக்கு ஒருத்தரை விடணும், அது அவங்க உரிமைன்னு நர்ஸம்மா சொல்லுதாங்களே."

"நர்ஸ் யாரு சொல்ல? இங்க நான்தான் மேற்பார்வையாளர். பலகையில இருக்கிறதுதான் சட்டம், எழுத்துக்கு எழுத்து."

தடி சட்டென்று நின்றது.

"அப்படியே இருக்கட்டும் ஐயா. எனக்குப் பார்வையே கிடையாது, நான் எப்படிப் பார்வையாளர் ஆவேன்? நீங்க வெறும் பார்வையாளர் இல்லை, மேற்பார்வையாளர். பலகைப்படி வெளியே நிக்கவேண்டியது நீங்கதான்."

காத்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேற்பார்வையாளர் திரும்பிப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் தடிச் சத்தம் வார்டுக்குள் போய்விட்டது.