வாயில் கல்லோடு வந்த ஆள்காட்டி

வறண்டு கிடந்த ஏரியின் நட்டநடுவில் ஒரு கௌதாரி ஆறு முட்டை இட்டிருந்தது. பக்கத்து மேட்டில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவி அதைப் பார்த்துவிட்டுப் பதறிப் பறந்து வந்தது.

"அடியே, இது என்ன காரியம்! ஐப்பசி மழை வந்தா இங்க தண்ணி நிக்குமே!"

"போன வருஷம் கரையில இட்டதையெல்லாம் கீரி தின்னுட்டுப் போச்சே அக்கா! இங்க கீரி வராது."

"கீரி வராது, தண்ணி வருமே!"

கௌதாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்மேல பாசம் இருந்தா நான் செஞ்சது சரின்னு சொல்லு. இல்லன்னா இந்தப் பக்கமே வராதே!"

பொய் சொல்ல ஆள்காட்டிக்கு வாய் வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. போய், ஒரு கூழாங்கல்லைக் கவ்வி வந்து முட்டைகளின் ஓரமாக வைத்தது. தண்ணீர் வந்தால் முட்டைகளை உயர்த்தி வைக்கக் கல் வேண்டுமே! மறுநாளும் வந்தது. கௌதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கென்ன, திருப்பட்டும்! ஆள்காட்டி தன் பாட்டுக்குக் கல் சுமந்தது.

கருவேல மரத்து மைனாவுக்கு இது பொறுக்கவில்லை. "சொன்ன பேச்சைக் கேக்காதவளுக்கு எதுக்குச் சுமக்கிற? நல்லா அனுபவிக்கட்டும்! நீ இப்படி உதவி செஞ்சா, அவ செஞ்சது சரின்னு ஆயிடாதா?"

"தப்புன்னு அவ முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். அதுக்காக அவ குஞ்சுங்க சாகணுமா?" என்று கேட்டது ஆள்காட்டி.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் விடிந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. ஏரிக்குள் தண்ணீர் ஊர்ந்து வந்தது. கௌதாரி முட்டைகளை விட்டு எழவில்லை. 'அக்காவை நானே விரட்டிட்டேனே, இனி யார் வருவா?' என்று அழுதது.

வந்தது ஆள்காட்டி! வாயில் கல் இருந்ததால், "அன்னிக்கே சொன்னேனே" என்று சொல்ல அதற்கு வழியில்லை. நாமாக இருந்தால் கல்லைத் துப்பிவிட்டாவது சொல்லியிருப்போம்!

கௌதாரி முட்டைகளை மெல்ல உருட்டிக் கொடுத்தது. ஆள்காட்டி அடியில் கல்லைத் தள்ளித் தள்ளி அவற்றை உயர்த்தியது.

"அக்கா... நான் செஞ்சது தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறியா?"

ஆள்காட்டி கல்லைக் கீழே வைத்தது. "தப்புதான்டி கண்ணு. கொஞ்சம் நகரு, அடுத்த கல்லை வைக்கணும்."

மாலையில் மழை ஓய்ந்தது. தண்ணீர் மேல்வரிசைக் கல்லை நனைத்ததோடு நின்றது. காய்ந்து கிடந்த தரை இரண்டே நாளில் அதைக் குடித்துவிட்டது. நாலாம் நாள் ஆறு குஞ்சுகளும் வெளியே வந்து, பெரியம்மாவின் பின்னாலேயே மேட்டுக்கு நடந்தன. கடைசியாகக் கௌதாரி, தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டே போனது.

ஒருவர் செய்வதை நம்மால் ஒப்புக்கொள்ள முடியாமல் போகலாம், ஆனால் அவரை நேசிப்பதை நிறுத்த வேண்டாம். ஆண்டவர் இயேசு நம்மை நேசிப்பதும் அப்படித்தான்.