ராயரின் கொட்டாவி

வேங்கைமலை ராயருக்கு எதிரிகளால் வந்த தொல்லையைவிட ஓய்வால் வந்த தொல்லை அதிகம். சண்டை இல்லாத ஒரு மாதத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. தம்மிடம் இருக்கும் மல்லன், சிலம்பக்காரன், ஓட்டக்காரன் ஆகிய மூவரில் சட்டென்று கை அசைப்பவன் யார்? ஜெயிப்பவன்தான் தம் மெய்க்காவலன், மற்ற இருவரும் அரண்மனையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

போட்டியை வகுத்தவர் பிரதானி அனந்தநாராயணர். ஓட்டக்காரன் சடையன் அவருடைய மைத்துனன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொரு முக்காலி, அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். முரசு அடித்ததும் எடுக்க வேண்டும். முரசு கேட்டுப் பாய்வதுதான் சடையனுக்குப் பிறந்தது முதல் தொழில். 'டம்' என்று கேட்பதற்குள் பழம் அவன் கையில் இருந்தது. அடுத்து சிலம்பக்காரன் காத்தவன். மல்லன் மருதப்பன் கை நீட்டியபோது முரசுக்காரன் கோலையே கீழே வைத்துவிட்டான்.

பதினைந்து வருஷம் ராயரின் முதுகுக்குப் பின்னால் நின்றவன் மருதப்பன். அந்த மலை போன்ற உடம்பு குலுங்கி அழுததைப் பார்க்கச் சகிக்கவில்லை. விகடம் பேசும் பூவராகனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, இன்னொரு போட்டி வேண்டும் என்று கேட்டான்.

"சரி. அதிலும் இவர்கள் சடையனிடம் தோற்றால் நீயும் இவர்களோடு மூட்டை கட்டு" என்றார் ராயர்.

மறுநாள் காலை சபை கூடியது. அதே முக்காலி, அதே பழம். இந்தத் தடவை முரசு கிடையாது, அடையாளம் தானாக வரும், வந்ததும் யார் கை முதலில் அசைகிறதோ அவருக்கே வெற்றி, சபையில் யாரும் கலந்துகொள்ளலாம் என்றான் பூவராகன். அதுவரை சும்மா இருப்பானேன், பிரதானி தம்முடைய வாய்க்கால் மராமத்து அறிக்கையைப் படிக்கட்டுமே என்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

பிரதானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராயரின் பக்கத்தில் உட்கார்ந்து ஓலைக்கட்டை அவிழ்த்தார். முதல் ஓலை மேலமடை, இரண்டாம் ஓலை கீழமடை. மூன்றாம் ஓலையில் நடுமடைக்கு வந்தபோது ராயரின் வாய் லேசாகத் திறந்தது.

டிக்.

பெரியவர்கள் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர் விரலைச் சொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திறந்த வாய்க்குள் காற்று கருப்பு புகுந்துவிடும் என்பது நம் வழக்கம் அல்லவா? பிரதானி ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கொட்டாவி பாதி வருவதற்குள் அவர் விரல் சொடுக்கிவிட்டது. சடையன் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு முரசைத் தேடிக்கொண்டிருந்தான்.

"மகாராஜா, அடையாளம் உங்கள் கொட்டாவிதான். ஜெயித்தவர் பிரதானி. அவரையே மெய்க்காவலராக வைத்துக்கொள்ளுங்கள்" என்றான் பூவராகன்.

"ஈட்டி பாய்ந்து வரும்போது இவர் விரலைச் சொடுக்கினால் நான் பிழைப்பேனா?"

"முரசடிக்கு எலுமிச்சம்பழம் எடுத்தால் மட்டும் பிழைப்பீர்களா? எதிரி முரசடித்துவிட்டா வருவான்? சடையனுக்குக் காதில் வேகம். காத்தவனுக்குக் கண்ணில் வேகம், கம்பு அசைய வேண்டும். மருதப்பனுக்குத் தோலில் வேகம், மேலே கை பட வேண்டும். பின்னாலிருந்து அவனை யாராவது தொட்டுப் பார்க்கட்டும்."

ராயருக்கு ஆசை விடவில்லை. தாமே பூனை போலப் பின்னால் போய் மருதப்பன் தோளில் விரல் வைத்தார். அடுத்த கணம் அவர் அந்தரத்தில் இருந்தார். யாரென்று தெரிந்ததும் மருதப்பன் நடுங்கிப்போய், பூப்போல அவரைச் சிம்மாசனத்தில் இறக்கி வைத்தான்.

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் காக்க முன்னால் காத்தவன், தொட்டால் தூக்கப் பின்னால் மருதப்பன், முரசு கேட்டால் செய்தி கொண்டு ஓடச் சடையன் என்று மூவரையும் வைத்துக்கொண்டார். தம் சால்வையைப் பூவராகனுக்குப் போர்த்தினார்.

"எல்லாம் சரி, பிரதானியை எங்கே நிறுத்துவது?" என்று கேட்டார்.

"அவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும், மகாராஜா. கொட்டாவியை வரவழைப்பவரும் அவர்தான், சொடுக்குப் போடுபவரும் அவர்தான். இன்னொரு ஆள் எதற்கு?"